லிஃப்ட்டுல முழுங்குற மாத்திரை

எங்க கடை லிஃப்ட்டுல காலையில ஏறுனா மொதல்ல வாயத் தொறக்கணும். கஸ்டமர் இல்லபா, பயந்துடாதீங்க. பி.பி. கீற ஸ்டாஃப் மட்டும். தி.நகர்ல ரங்கநாதன் தெருவை ஒட்டி ஆறு மாடி ஜவுளிக் கடை. பேரு வோணாம், எதுக்கு வம்பு. நான் வேம்பு, நாலாவது மாடியில காட்டன் பொடவை செக்‌ஷன். சிந்தாதிரிப்பேட்டைலருந்து டெய்லி வந்துட்டுப் போறவ. எனக்கு வாய் ஜாஸ்தின்னு கடை மொத்தத்துக்கும் தெரியும். வாயுள்ள புள்ள பொழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க? இந்தத் தெருவுல வாய் இல்லன்னா நம்மளையும் மடிச்சு அலமாரியில வெச்சிடுவானுங்க.

லிஃப்ட் ஓட்டுறவரு ஷஃபியுல்லா பாய். ராயப்பேட்டைல வீடு. வயசு அறுவதை நெருங்கிடுச்சு. காக்கி சட்டை, வெள்ளைத் தொப்பி, அத்தர் வாசனை. லிஃப்ட் மூலையில அவருக்குன்னு ஒரு ஸ்டூலு. கடையில வேலை நேரத்துல குந்தியிருக்குற ஒரே மனுஷன் அவருதான். எங்களுக்கும் உக்கார ஸ்டூல் போடணும்னு சட்டம் வந்துச்சு. ஸ்டூலும் வந்துச்சு. அது மேல பொடவைய அடுக்கி வெச்சிட்டு நாங்க நிக்கிறோம்.

பாய் ஸ்டூலுக்கு அடியில ஒரு பிஸ்கட் டின்னு. தொறந்தா பொறை பிஸ்கட்டு வாசனை வரும். பிஸ்கட்டுக்குப் பக்கத்துல ஜாக்கெட் பிட்டு துணியில சின்னச் சின்ன முடிச்சு. ஒவ்வொரு முடிச்சும் ஒருத்தரோட மாத்திரை. எனக்கு கத்திரிப்பூ கலரு. எங்க ஃப்ளோர் மேனேஜர் ஸ்ரீவத்சன் சாருக்கு கிளிப்பச்சை. பட்டு செக்‌ஷன் சந்திரிகா அக்காவுக்கு மாம்பழ மஞ்சள். அக்காவுக்கும் எனக்கும் நடுவுல ஒரே ஒரு கண்ணாடித் தடுப்புதான்.

இன்னாத்துக்கு லிஃப்ட்டுல மாத்திரைன்னு கேப்பீங்க. எங்க கடையில பைய பேஸ்மெண்ட்ல வெச்சிட்டு வெறுங்கையாதான் மேல போவணும். வாசல்ல தடவிப் பாத்துதான் உள்ள உடுவாங்க. மாத்திரை பையில. பை கீழ. நாங்க மேல. காலையில வூட்டுல சாப்புட நேரம் கெடையாது. சாப்பாட்டு நேரம் எப்போன்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும், சீசன்ல நாலு மணி ஆயிடும். 'சாப்டுட்டு போட்டுக்கலாம்'னு நெனைப்போம், சாப்டதும் ஓடுன்னு தொரத்துவாங்க, மாத்திரை பையிலயே தூங்கும். இப்படித்தான் அல்லாருக்கும் பி.பி. எகிறிக்கினு போச்சு.

பாய்க்கு இது பொறுக்கல. அவரு சம்சாரம் நஸ்ருன்னிசாவுக்கு முன்னாடியே பி.பி. இருந்துச்சு. ஒரு வாட்டி செக் பண்ணப்போ நார்மல்னு வந்ததும், 'கொறைஞ்சிடுச்சே, இன்னாத்துக்கு இன்னும் மாத்திரை'ன்னு அவங்களே நிறுத்திட்டாங்க. ஒரு நாள் டீ ஊத்திக் குடுக்கும்போது கிளாஸு கையிலருந்து நழுவிச்சு. குனிஞ்சு எடுக்கப் போன வலது கை அப்புறம் எழும்பவே இல்ல. பேச்சும் கொழறிப்போச்சு. பாய் காலையில அவங்களுக்கு ஊட்டி உட்டுட்டுதான் கடைக்கு வருவாரு.

"அட்டை ஷெல்ஃப்லதாம்மா இருந்துச்சு. எடுத்து கையில குடுக்க ஒரு ஆளு இல்ல, அவ்ளோதான்" அப்டீன்னு எங்கிட்ட ஒரு வாட்டி சொன்னாரு. அதுக்கு அப்பால ஆரம்பிச்சதுதான் இந்த டின்னு. செக்யூரிட்டி லிஃப்ட்மேனை தடவ மாட்டான். பேஸ்மெண்ட்லருந்து நாலாவது மாடிக்குள்ள பிஸ்கட்டு, மாத்திரை, ஒரு மடக்கு தண்ணி. ஆம்பளைங்கன்னா "நாக்கைத் தூக்குடா, ஏமாத்தறியா"ன்னு மெரட்டுவாரு. பொம்பளைங்கன்னா மூஞ்சத் திருப்பிக்குவாரு. லேடீஸ் வாயை உத்துப் பாக்குறது மரியாதை இல்லையாம். மாடி நம்பரைப் பாத்துக்கினே, "ஆச்சாம்மா?"ன்னு கேப்பாரு. நாங்க "ஆச்சு பாய்"னு சொன்னா டின்னை மூடிடுவாரு.

அந்த மரியாதைதான் கடைசியில ஒரு உயிருக்கு உலை வெச்சிருக்கும்.

சந்திரிகா அக்கா மயிலாப்பூர். குளத்தாண்ட ஒரு சந்துல வீடு. கல்யாணப் பட்டுன்னா கடைக்கு வர்றவங்க அவங்களத்தான் தேடுவாங்க. யூனிஃபார்ம் மேலயே பட்டைச் சுத்திக் காட்டுவாங்க பாருங்க, கறுப்போ செவப்போ, எந்தப் பொண்ணா இருந்தாலும் 'இது எனக்குத்தான்'னு புடிச்சிக்கும். கொண்டை நிறைய மல்லி இல்லாம நான் அவங்களப் பாத்ததே இல்ல. ஒரு கெட்ட வார்த்தை கெடையாது. ஒரு கொச்சை வார்த்தை கூடக் கெடையாது. பாத்ரூம் போவணும்னாக்கூட "கீழ வரைக்கும் போயிட்டு வந்துடறேன் வேம்பு"ம்பாங்க, ஏதோ பாங்குக்குப் போற மாதிரி. நான் கலாய்ப்பேன். சிரிச்சுக்கினே தலையில ஒரு தட்டு தட்டுவாங்க.

எங்க பாத்ரூம் பேஸ்மெண்ட்ல. ஒரு செக்‌ஷனுக்கு ஒரு டோக்கன். சார்கிட்ட வாங்கிக்கினு படியில எறங்கி, போயிட்டு, படியேறி வந்து திருப்பிக் குடுக்கணும். ஒருத்தி போயிருந்தா அடுத்தவ நின்னுக்கினு இருக்க வேண்டியதுதான். எங்க மாடிக்கு ஒரு மாடி கீழ, மூணாவது மாடியில பளபளன்னு ஒரு பாத்ரூம் கீது. கண்ணாடி, ஃபேன், சோப்பு வாசனை. அது கஸ்டமருக்கு. அதனால நாங்க இன்னா பண்ணுவோம்? தண்ணியே குடிக்க மாட்டோம்.

வெயில் காலத்துல அக்காவுக்கு அடிக்கடி தலைவலி. பாய் கூட்டிக்கினு போயி கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில காட்டுனாரு. டாக்டரம்மா மெஷினைப் பாத்துட்டு ரெண்டாவது வாட்டியும் கட்டிப் பாத்தாங்க. அப்புறம் பழைய மாத்திரைய மாத்தி, ரெண்டு மருந்து சேர்ந்த ஒரே மாத்திரையா எழுதிக் குடுத்தாங்க. "இதுல தண்ணி மாத்திரையும் சேர்ந்திருக்கு. உடம்புல தங்குற உப்பையும் தண்ணியையும் எறக்கிடும். கொஞ்சம் அடிக்கடி யூரின் போவும், பயப்படாதீங்க. ஒரு நாள் கூட உடக்கூடாது. உட்டா மூளையில நரம்பு வெடிச்சிடும்" அப்டீன்னு வெளிப்படையா சொல்லிட்டாங்க.

அந்தக் கடைசி வார்த்தை பாய் மனசுல ஆணி அடிச்ச மாதிரி நின்னுடுச்சு. மஞ்சள் முடிச்சுக்கு மட்டும் தனி கவனம். அக்கா லிஃப்ட்டுல ஏறுறதுக்கு முன்னாடியே அவிழ்த்து கையில வெச்சிருப்பாரு. அக்காவும் வாங்கி வாயில போட்டுக்குவாங்க, தண்ணி குடிப்பாங்க. "ஆச்சாம்மா?" "ஆச்சு பாய்."

மொதல்ல நம்பரு கொஞ்சம் எறங்குச்சு. ஆனா அப்புறம் மாசா மாசம் செக் பண்ணப் போனா எறங்கவே இல்ல. ஆடி முடிஞ்சு போனாங்க, ஏறியிருந்துச்சு. டாக்டரம்மா டோஸைக் கூட்டுனாங்க. நவராத்திரிக்குப் போனாங்க, இன்னும் ஏறியிருந்துச்சு. டாக்டரம்மாவுக்கு சந்தேகம் வந்துடுச்சு. "உண்மையச் சொல்லுங்க, மாத்திரை போடுறீங்களா?"ன்னு கேட்டாங்களாம். அக்கா வாயைத் தொறக்கல. பாய்தான் முந்திக்கினு, "அல்லா மேல ஆணையா சொல்றேன் மேடம், டெய்லி என் கையால குடுக்குறேன்"னு சொல்லிட்டாரு. அந்தம்மா திரும்பவும் டோஸைக் கூட்டி எழுதிட்டாங்க.

அன்னிலருந்து பாய் மூஞ்சியில களையே இல்ல. "மாத்திரை டூப்ளிகேட்டா இருக்குமோ வேம்பு? கடைய மாத்தி வாங்கட்டா?"ன்னு எங்கிட்ட பொலம்புவாரு. நஸ்ருன்னிசா அம்மா ஒரு பக்கம், இது ஒரு பக்கம். மனுஷன் எளைச்சே போயிட்டாரு.

தீபாவளிக்கு முன்னாடி வர்ற சனிக்கெழமை. தெருவுல தலைங்கதான் தெரியுது, தரை தெரியல. நானும் அக்காவும் நாலு மணிக்கு மேல பேஸ்மெண்ட்ல சோத்து டப்பாவைத் தொறந்தோம். அக்காவுக்கு வேர்வையில கொண்டை அவிழ்ந்துடுச்சு. பூவை எடுத்து மடியில வெச்சிட்டு முடியை ஒதறுனாங்க. பொத்துனு ஒண்ணு என் டப்பாவுல வந்து வுழுந்துச்சு.

மாத்திரை. பாதி கரைஞ்சு, ஓரம் மழுங்கி, ஒரு மல்லி இதழ் ஒட்டிக்கினு.

எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியல. அப்புறம் புரிஞ்சுச்சு. லிஃப்ட்டுல வாயில போட்டுக்கினு, கன்னத்துல ஒதுக்கி, மாடி வந்ததும் துப்பி கொண்டைப் பூவுக்குள்ள சொருகிக்கிறாங்க. பாய்தான் மூஞ்சத் திருப்பிக்கிறாரே, எப்படித் தெரியும்?

"அடிப்பாவி! சாவறதுக்கு வழி தேடிக்கினு கீறியா? அந்த மனுஷன் உனக்காக அல்லா மேல சத்தியம் பண்ணாரு!"ன்னு கத்திட்டேன். அக்கான்னு கூட வாயில வரல. பேஸ்மெண்ட்ல கீற பொண்ணுங்க அல்லாரும் திரும்பிப் பாத்துச்சுங்க.

அக்கா என் கையப் புடிச்சு மூலைக்கு இஸ்துக்கினு போனாங்க.

"ஆடித் தள்ளுபடி ஞாயித்துக்கெழமை ஞாபகம் இருக்கா வேம்பு? அந்த சேலம் பார்ட்டி வந்தாங்களே, ஒரு குடும்பமே ஒக்காந்து பொடவை பாத்தாங்களே. அப்போ நான் மாத்திரைய ஒழுங்கா சாப்டுக்கிட்டுதான் இருந்தேன். டோக்கன் கேட்டேன், ஏற்கெனவே ஒருத்தி போயிருந்தா. அப்புறம் கேட்டேன், பார்ட்டிய உட்டுட்டு எங்க போறீங்கன்னு சார் கேட்டாரு. அடக்கிப் பாத்தேன்டி. பட்டைத் தோள்ல போட்டுக் காட்டிட்டு நிக்கிறேன், அப்படியே..."

எனக்கு அன்னிக்கு நடந்தது ஞாபகம் வந்துச்சு. அக்கா கால்ல தண்ணி பாட்டில் கவுந்துடுச்சுன்னு சொல்லி, தொடைக்கிறவங்களக் கூப்டாங்க. யூனிஃபார்ம் ஈரமாயிடுச்சுன்னு வூட்டுக்குப் போயிட்டாங்க. நான் நம்பிட்டேன். கடையில அல்லாரும் நம்பிட்டோம்.

"அந்தக் கல்யாணப் பொண்ணு பாத்துடுச்சு வேம்பு. ஒண்ணும் சொல்லல, கால நகத்திக்கிச்சு. நான் செத்தாலும் பரவால்ல, இன்னொரு வாட்டி அப்படி நிக்க மாட்டேன். பாய்கிட்ட மட்டும் சொல்லிடாத. ஆம்பளைகிட்ட இத எப்படிச் சொல்றது? சத்தியம் பண்ணு."

நான் பண்ணல. எனக்கு அழுகை வந்துச்சு, கோவமும் வந்துச்சு, எது மொதல்லன்னு சொல்லத் தெரியல. அன்னிக்கு சாயங்காலமே லிஃப்ட்டுல ஏறுன உடனே பாய்கிட்ட மொத்தத்தையும் கொட்டிட்டேன். எனக்கு ரகசியம்லாம் வயித்துல தங்காது.

பாய் கத்துவாருன்னு நெனைச்சேன். அவரு ஸ்டூல்ல உக்காந்தாரு, மாடி நம்பரையே பாத்துக்கினு இருந்தாரு. நாலு தாண்டி அஞ்சு, ஆறுன்னு போயிடுச்சு. "நான் பொய் சத்தியம் பண்ணிட்டேன் வேம்பு" அப்டீன்னாரு. அப்புறம், "அது கெடக்கட்டும். அந்தம்மாவுக்கு டோக்கன் கெடைக்கணும். கெடைச்சா முழுங்கிடுவாங்க இல்ல?"ன்னு கேட்டாரு.

ஞாயித்துக்கெழமை கடையைத் தொறக்குறதுக்கு முன்னாடியே வாசல்ல கூட்டம். ஸ்ரீவத்சன் சாரு லிஃப்ட்டுல ஏறுனாரு. கையில வாக்கி டாக்கி. பாய் கிளிப்பச்சை முடிச்சை அவிழ்த்துக் குடுத்தாரு. சாரு வழக்கம்போல மாத்திரைய முழுங்கி, பாட்டில் தண்ணிய முழுசா குடிச்சிட்டு ஏப்பம் உட்டாரு. சாரு கெட்டவருன்னு நான் சொல்ல மாட்டேன். மயிலாப்பூர்க்காரரு, வூட்டுல வயசான அப்பா, மேல மொதலாளி, கீழ நாங்க. ரெண்டு பக்கமும் இடி வாங்குற மத்தளம்.

"சார், சந்திரிகாம்மாவுக்கு மட்டும் இன்னிக்கு டோக்கன் இல்லாம போக வர உடுங்க. ஒடம்பு சரியில்ல" அப்டீன்னாரு பாய்.

"பாய், இன்னிக்கா? தீபாவளி சண்டே பாய்! மொதலாளி கேமராவுலயே ஒக்காந்திருக்கார். நாளைக்குப் பேசலாம்." வாக்கி டாக்கி கத்துச்சு, சாரு எறங்கி ஓடிட்டாரு.

அடுத்த ட்ரிப்புல அக்கா ஏறுனாங்க. பாய் மஞ்சள் முடிச்சை அவிழ்க்கல. அக்கா என்னைப் பாத்தாங்க, புரிஞ்சிடுச்சு. தலையக் குனிஞ்சுக்கினாங்க.

மதியத்துக்குள்ள நாலாவது மாடியில மூச்சு உட எடம் இல்ல. நான் பொடவை போட்டுக்கினே அக்காவைத்தான் பாத்துக்கினு இருந்தேன். ஒரு கையால நெத்தியப் புடிச்சிக்கினு, இன்னொரு கையால அரக்குக் கலரு முகூர்த்தப் பட்டை தோள்ல போட்டுக் காட்டுறாங்க. கஸ்டமர் விலை கேக்குது, அக்கா சீட்டைக் கண்ணுக்குக் கிட்ட கொண்டு போறாங்க, தள்ளி வெக்கிறாங்க.

ஓடுனேன். "இன்னாக்கா?"

"எழுத்து ரெண்டு ரெண்டா தெரியுதுடி."

கஸ்டமராவது கிஸ்டமராவது. பட்டு தோள்ல கெடக்க அப்படியே அவங்கள லிஃப்ட்டாண்ட தள்ளிக்கினு போனேன். பின்னாடியே ஸ்ரீவத்சன் சாரு ஓடி வந்தாரு. "வேம்பு! எங்க போறீங்க ரெண்டு பேரும்? பொடவையோட போறீங்க! கேமரா பாத்துட்டிருக்கு!" லிஃப்ட் கதவு தொறந்துச்சு. நாங்க உள்ள போனோம், சாரும் தடுக்க உள்ளயே வந்துட்டாரு. பாய் கதவை மூடுனாரு. நாலுக்கும் மூணுக்கும் நடுவுல சாவியைத் திருப்பி லிஃப்ட்டை நிறுத்திட்டாரு.

லிஃப்ட் ஒரு குலுக்கு குலுங்கி நின்னுச்சு.

"பாய், என்ன பண்றேள்?" சாருக்குப் பதட்டத்துல வூட்டுப் பேச்சு வந்துடுச்சு.

பாய் எழுந்து நின்னாரு. ஒரு கையில கிளிப்பச்சை துணி, ஒரு கையில மஞ்சள் துணி. சாரோட நாளைக்கு உண்டான மாத்திரையையும், அக்கா காலையில போடாத மாத்திரையையும் அவிழ்த்து உள்ளங்கையில வெச்சு நீட்டுனாரு.

"பாருங்க சார். உங்களுக்கும் இதே கம்பெனி, அவங்களுக்கும் இதே கம்பெனி. ரெண்டும் ஒரே மாத்திரை. நீங்க முழுங்கிட்டு, தோணுறப்போ பாத்ரூமுக்குப் போறீங்க. அவங்க முழுங்கிட்டு டோக்கனுக்கு நிக்கணும். அதுக்குப் பயந்துக்கினு ஆடிலருந்து அவங்க மாத்திரையே முழுங்கல சார். டாக்டர் மேடம் நரம்பு வெடிச்சிடும்னு சொல்லியிருக்காங்க. மூணாவது மாடி பாத்ரூமை இவங்களுக்குத் தொறந்து உடுறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. லிஃப்ட் ஓடும்."

"இது பிளாக்மெயில் பாய். உங்க வேலை போயிடும்."

"போவட்டும் சார்."

வாக்கி டாக்கி கத்திக்கினே இருக்குது. 'லிஃப்ட் என்னாச்சு, லிஃப்ட் என்னாச்சு.' மேல கதவைத் தட்டுறாங்க. அக்கா செவுத்துல சாஞ்சுக்கினு, "ஓட்டுங்க பாய், என்னால உங்களுக்கு எதுக்கு"ன்னு கெஞ்சுறாங்க. பாய் அசையல. எனக்கு யார மொதல்ல அறையறதுன்னு தெரியல. "யோவ் பாய், பஞ்சாயத்தை அப்புறம் வெச்சிக்க, அக்காவைப் பாரு!"ன்னு கத்துனேன்.

அப்போதான் அக்கா மூக்குலருந்து ரத்தம் வந்துச்சு. சொட்டா இல்ல. கொழாய் மாதிரி.

அந்த நேரத்துலயும் அக்கா இன்னா பண்ணாங்க தெரியுமா? "ஐயோ, பொடவை, பொடவை"ன்னு தோள்ல கெடந்த பட்டைத் தள்ளுறாங்க. ரத்தம் பட்டுடக்கூடாதாம்.

சாரு மூஞ்சி வெளுத்துப் போச்சு. அடுத்த நிமிஷம் அந்த முகூர்த்தப் பட்டை வெடுக்குனு இழுத்து, முந்தானைய சுருட்டி அக்கா மூக்குல வெச்சு அழுத்துனாரு. "பொடவை கிடக்கு! முன்னாடி குனிங்கோ சந்திரிகா! பாய், கீழ, கீழ!"

பாய் கையில இருந்த மாத்திரை ரெண்டும் தரையில வுழுந்துடுச்சு. சாவி துளாவுறாரு, கெடைக்கல, கெடைச்சுது, லிஃப்ட் ஓடுச்சு. அவரு வாய் ஏதோ ஓதிக்கினே இருந்துச்சு.

கீழ தெருவுல ஆட்டோ நொழைய முடியாது, ஆம்புலன்ஸ் கனவுல கூட வராது. துணி மூட்டை தள்ளுற வண்டியில அக்காவைக் குந்த வெச்சோம். பாய் பின்னாடி தள்ள, நான் பக்கத்துல புடிச்சிக்க, சாரு முன்னாடி ஓடுறாரு. "வழி உடுங்க! பேஷண்ட்! வழி!" தொண்டை கிழிய. ஜனம் ஒதுங்குது, ஒதுங்குன எடத்துல இன்னொரு ஜனம் வந்து அடைச்சிக்குது. ஒரு அம்மா, "பொடவை எந்தக் கடைல எடுத்தது"ன்னு கேக்குது! செருப்பால அடிச்சிருப்பேன், நேரம் இல்ல. உஸ்மான் ரோடு எட்டுறதுக்குள்ள அக்கா தலை என் தோள்ல சாஞ்சிடுச்சு. "அக்கா, பேசு, ஏதாவது பேசு"ன்னு கன்னத்தத் தட்டிக்கினே போனேன்.

அங்க புடிச்ச ஆட்டோவுல சாரு டிரைவர் பக்கத்துல ஒரு ஓரமா ஒட்டிக்கினாரு. முட்டியோட முட்டி இறுக்கிக்கினு, நெத்தியில வேர்வை. பயத்துலன்னு நெனைச்சேன்.

ஆஸ்பத்திரியில அக்காவை உள்ள இஸ்துக்கினு போயி கதவைச் சாத்திட்டாங்க. பாய் தரையிலயே உக்காந்துட்டாரு. நான் கும்புடாத சாமி இல்ல. சாரு மட்டும் உக்காரவும் இல்ல, ஒழுங்கா நிக்கவும் இல்ல. ஸ்ட்ரெச்சருக்குக் கையெழுத்து, ஸ்கேனுக்குக் கையெழுத்துன்னு அவரைத்தான் கூப்டுக்கினே இருந்தாங்க. ஒவ்வொரு வாட்டியும் கால மாத்தி மாத்தி வெச்சிக்கினு கையெழுத்துப் போட்டாரு.

ரொம்ப நேரம் கழிச்சு ஒரு டாக்டர் தம்பி வெளிய வந்தாரு. "ஸ்கேன் பாத்துட்டோம். மூளையில ரத்தக் கசிவு இல்ல. பிரஷர் பயங்கரமா இருந்துச்சு, மெதுவா எறக்கிக்கிட்டிருக்கோம். இன்னும் ஒரு நாள் இப்படியே உட்டிருந்தீங்கன்னா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. மாத்திரை ஒழுங்கா சாப்ட்டாங்களா?"

பாய் எழுந்தாரு. "நான் தெனம் குடுத்தேன் டாக்டர். அவங்க முழுங்கல. பாத்ரூம் போக வழியில்ல, அதான். எங்கிட்ட சொல்ல வெக்கம். நானும் கேக்கல."

டாக்டர் தலையில கைய வெச்சிக்கினாரு. "இத மொதல்லயே டாக்டர்கிட்ட சொல்லியிருந்தா தண்ணி மாத்திரை இல்லாம வேற குடுத்திருப்பாங்களே? இவங்க சாப்டுறாங்கன்னு நம்பி டோஸை ஏத்திக்கிட்டே வந்திருக்காங்க. இந்த டோஸை இன்னிக்குத் திடீர்னு முழுங்க வெச்சிருந்தா, பிரஷர் மடமடன்னு எறங்கி அங்கயே சுருண்டு வுழுந்திருப்பாங்க."

பாய் செவுத்தைப் புடிச்சிக்கினாரு. டோக்கன் கெடைச்சா அன்னிக்கே முழுங்க வெக்கணும்னு தானே அவரு நின்னாரு.

பின்னாடி திரும்பிப் பாத்தா சாரைக் காணோம். கொஞ்ச நேரத்துல வராண்டா கோடியிலருந்து வந்தாரு. மூஞ்சி கழுவியிருக்காரு, கண்ணு செவந்து கீது. பாய் பக்கத்துல தரையிலயே உக்காந்தாரு. யூனிஃபார்ம் கோட்டு, பளபள ஷூ, எதையும் பாக்கல.

"காலையில தண்ணியக் குடிச்சேனே பாய். நீங்க லிஃப்ட்டை நிறுத்தினேளே, அப்பவே ஆரம்பிச்சுது. தெருவுல ஓடறச்சே உசுரு போச்சு. ஒரே ஒரு நாள் பாய். என்னால முடியல." சாத்துன கதவைப் பாத்துக்கினே கேட்டாரு. "இவா எல்லாரும் எப்படி நிக்கறா?"

எனக்கு அந்த நேரத்துலயும் வாய் அடங்கல. "டோக்கன் வாங்கிக்கினு போனீங்களா சார்?"ன்னு கேட்டேன். சாரு என்னைப் பாத்தாரு. திட்டுவாருன்னு நெனைச்சேன். தலையக் குனிஞ்சிக்கினாரு. எனக்கே பாவமா போச்சு.

பாய் வேலை போவல. லிஃப்ட் ஏன் நின்னுச்சுன்னு மொதலாளி கேட்டப்போ, "மெஷின் ரிப்பேர்"னு சாரே சொல்லிட்டாரு. ரத்தம் பட்ட பட்டுக்கு இன்னா சொன்னாருன்னு எனக்குத் தெரியாது. மூணாவது மாடி பாத்ரூமுக்கு மொதலாளிகிட்ட ஒரு வாரம் மல்லுக்கட்டுனாரு. லேடீஸ் ஸ்டாஃப் போலாம்னு ஆச்சு, டோக்கன் பொட்டியும் போயிடுச்சு. ஸ்டூல் மேல இன்னும் பொடவைதான் கீது, அது வேற சண்டை, அத நான் பாத்துக்குறேன்.

அக்கா தீபாவளி முடிஞ்சு, கார்த்திகை பொறந்த அப்புறம்தான் வேலைக்கு வந்தாங்க. டாக்டரம்மாகிட்ட உண்மையச் சொல்லி, அவங்க மொதல்லருந்து கம்மி டோஸ்ல ஆரம்பிச்சு எழுதிக் குடுத்திருந்தாங்க. தண்ணி மாத்திரையும் அதுல கொஞ்சம் இருந்துச்சு. 'உங்களால முடியலன்னா மாத்திடுறேன்'னு அந்தம்மா சொன்னதுக்கு, 'முடியும்'னு அக்காவே சொல்லியிருக்காங்க.

மொத நாள் காலையில லிஃப்ட்டு ஃபுல்லு. கடை ஹாஸ்டல்ல தங்குற பொண்ணுங்க, பில்லிங் பசங்க, கதவாண்ட ஸ்ரீவத்சன் சாரு. பாய் மஞ்சள் முடிச்சை அவிழ்த்து நீட்டுனாரு. பழக்கத்துல மூஞ்சத் திருப்பிக்கினாரு.

"பாய், இங்க பாருங்க" அப்டீன்னாங்க அக்கா.

பாய் திரும்புனாரு. அக்கா மாத்திரையப் போட்டு, தண்ணியக் குடிச்சு, வாயை நல்லாத் தொறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுனாங்க, எங்க அல்லாரு முன்னாடியும். கொண்டையில மல்லி வழக்கம்போல இருந்துச்சு.

அன்னிக்குப் பதினோரு மணி இருக்கும், கூட்டம் ஏறிக்கினு கீது. லிஃப்ட்டு நாலாவது மாடியில நின்னுச்சு. உள்ள கஸ்டமருங்க, சாரு, நான், மேல் மாடி கோடவுன்லருந்து ஸ்டாக் எடுத்துக்கினு எறங்குற பசங்க. அக்கா ஏறுனாங்க. ஒரு கொச்சை வார்த்தை பேசாத என் சந்திரிகா அக்கா, நிமிந்து நின்னுக்கினு, லிஃப்ட் மொத்தமும் கேக்குற மாதிரி சொன்னாங்க.

"பாய், மூணாவது மாடியில நிறுத்துங்க. எனக்கு ஒண்ணுக்குப் போவணும்."

ஒருத்தன் கூட சிரிக்கல. சாரு வாசலை விட்டு நகந்து வழி உட்டாரு. பாய் சாவியத் திருப்பி ஒரு மாடி எறக்கி, கஸ்டமருக்குச் சொல்ற அதே கணீர் கொரல்ல, "மூணாவது மாடி!"ன்னு கூவி கதவைத் தொறந்தாரு.